முதல் அறுபது அடி: வீட்டு போர்ச்சில் ஒரு டிரேக் காடி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் குடியிருப்புத் தாமானில் சனிக்கிழமை மத்தியானம் நடந்து பாருங்கள். நாலைந்து வீட்டு போர்ச்சிலாவது போனட் திறந்த காடி நிற்கும். பழைய சாகா, இஸ்வாரா, கஞ்சில், எப்போதாவது ஒரு டட்சன் 120ஒய். அப்பா தோட்டத்தில் பால்மரம் சீவியவராக இருப்பார். பிள்ளைக்கு ஈப்போவில் ஃபேக்டரி வேலை, வார இறுதியில் கை முழுக்க கிரீஸ். இந்தப் பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “அண்ணே, டிரேக்குக்கு காடி கட்டணும். என்ன என்ஜின் போடலாம்?”

கேள்வி தலைகீழாக நிற்கிறது. என்ஜின் கடைசியில் வர வேண்டிய விஷயம். ஏன் என்று புரிய வேண்டுமானால் இந்தப் பந்தயத்தில் எதை அளக்கிறார்கள் என்பது முதலில் தெரிய வேண்டும்.

டிரேக் என்பது நின்ற இடத்திலிருந்து நேர்க்கோட்டில் கால் மைல் ஓடுவது. 1,320 அடி, நம் கணக்கில் 402 மீட்டர். வளைவு கிடையாது, சுற்று கிடையாது. இடம் குறைவாக இருந்தால் அதில் பாதி, 201 மீட்டர். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு அமெரிக்க இளைஞர்கள் கலிபோர்னியாவின் காய்ந்த ஏரிப் படுகைகளிலும், கூடவே ஊர்த் தெருக்களிலும் இப்படி ஓடிக்கொண்டிருந்தார்கள். 1950இல் அங்கே சாண்டா ஆனா விமானத் தளத்தில் டிக்கெட் போட்டு ஒரு களம் திறந்தார்கள். அடுத்த ஆண்டு வாலி பார்க்ஸ் என்பவர் என்எச்ஆர்ஏ என்ற சங்கத்தைத் தொடங்கினார். தெருவில் ஓடுகிறவனைக் களத்துக்கு இழுத்து வந்து, கையில் விதியையும் தலையில் ஹெல்மெட்டையும் கொடுப்பதுதான் அதன் முக்கிய வேலை. எழுபது வருடம் கழித்து நம்மூரிலும் அதே வேலை பாக்கி இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

சீட்டைப் படிக்கத் தெரிய வேண்டும்

களத்தில் ஓடி முடித்ததும் கையில் ஒரு சின்னக் காகிதம் தருவார்கள். டைம் ஸ்லிப். நான் முதன்முதலில் வாங்கியதில் இப்படி இருந்தது: எதிர்வினை 0.64. அறுபது அடி 2.61. கால் மைல் 17.62. வேகம் 127. காடி இஸ்வாரா 1.5, என்ஜினைத் திறந்ததே இல்லை.

எதிர்வினை என்பது பச்சை விளக்குக்கும் உங்கள் காடி நகர்ந்ததற்கும் இடைப்பட்ட நேரம். எல்லாரும் குழம்புவது இங்கேதான். கால் மைலைக் கடக்க ஆன ஓட்ட நேரத்தில் இது சேராது. தொடக்கக் கோட்டில் தரையை ஒட்டி ஓர் ஒளிக்கதிர் போகும். முன் டயர் அந்தக் கதிரை விட்டு விலகும் நொடியில்தான் கடிகாரம் ஓடத் தொடங்கும். பச்சை எரிந்த பிறகு நீங்கள் மூன்று நொடி தூங்கிவிட்டுப் புறப்பட்டாலும் ஓட்ட நேரம் மாறாது. பக்கத்துக் காடி ஜெயித்துவிடும், அவ்வளவுதான். அதனால் காடியைச் சோதிக்கப் போகிற நாளில் பச்சையைத் துரத்தாதீர்கள். மனத்தை அமைதியாக வைத்து, ஒரே மாதிரி புறப்படுவதில் கவனம் வையுங்கள்.

அந்த விளக்குக் கம்பத்துக்குக் கிறிஸ்துமஸ் மரம் என்று பெயர். மேலே இரண்டு வரிசைச் சின்ன விளக்குகள். முதல் வரிசை எரிந்தால் கோட்டை நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். இன்னும் 7 அங்குலம் நகர்ந்தால் இரண்டாவது வரிசையும் எரியும், அங்கே நிறுத்த வேண்டும். பிறகு மூன்று மஞ்சள், அரை நொடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக. பிறகு பச்சை. முந்தினால் சிவப்பு. பெரிய வகுப்புகளில் மூன்று மஞ்சளும் ஒரே நேரத்தில் எரியும், 0.4 நொடியில் பச்சை வந்துவிடும். அது நமக்கு இப்போதைக்கு வேண்டாம்.

வேகம் என்பது கடைசி 66 அடியில் அளந்த சராசரி. இது உங்கள் என்ஜினின் உண்மையான பலத்தைச் சொல்லும். புறப்படும்போது டயர் சுழன்றாலும், கியர் ஒன்று தவறினாலும் இந்த எண் அவ்வளவாகக் கெடாது. ஓட்ட நேரம் அப்படியல்ல, புறப்பாட்டில் செய்த ஒவ்வொரு பிழைக்கும் அதில் வட்டி ஏறும். முதல் அறுபது அடியில் 0.1 நொடி விட்டால், கால் மைல் முடிவில் அது 0.15, சில சமயம் 0.2 ஆகிவிடும். அந்த அறுபது அடி வெறும் 18 மீட்டர். எங்கள் வரிசையில் மூன்று வீட்டு அகலம்கூட வராது.

ஒரு வீட்டுக் கணக்கு சொல்கிறேன். ஓட்ட நேரத்தையும் கடைசி வேகத்தையும் (மணிக்கு கிலோமீட்டரில்) பெருக்குங்கள். ஒழுங்காகப் புறப்பட்ட காடிக்கு விடை ஏறக்குறைய 2,190 வரும். என் சீட்டில் 17.62 × 127, அதாவது 2,238. கூடுதலாக நிற்கிற அந்த 48தான் தொடக்கத்தில் நான் தொலைத்தது. இந்த வித்தியாசம் பெரிதாக இருக்கும்போது என்ஜினுக்குச் செலவு செய்வது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொண்ட கதை.

மூக்கு தூக்கும் காடி

இனி தரைக்கு வருவோம். காடியைத் தள்ளுவது என்ஜின் அல்ல, டயர் ரோட்டைப் பிடிக்கிற பிடிதான். அந்தப் பிடி, டயர்மேல் எவ்வளவு எடை அழுத்துகிறது என்பதைப் பொறுத்தது. காடி பாய்ந்து புறப்படும்போது எடை பின்னால் சாயும். பஸ் திடீரென்று கிளம்பினால் நிற்கிற நாம் பின்னால் போகிறோமே, அதேதான்.

டட்சன் 120ஒய் மாதிரி பின் சக்கரம் தள்ளும் காடிக்கு இது வரம். வேலை செய்கிற டயர்மேலேயே எடை போய் உட்காரும். சாகாவும் இஸ்வாராவும் கஞ்சிலும் முன் சக்கரம் இழுக்கும் காடிகள். அவற்றுக்கு இது சாபம்.

எவ்வளவு எடை போகும்? ஓட்டுநரோடு 1,000 கிலோ காடி. எடை மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.38 மீட்டர், பழைய சாகாவின் அளவு அது. புவியீர்ப்பில் பாதி அளவு முடுக்கத்தோடு புறப்பட்டால் 1,000 × 0.5 × 0.5 ÷ 2.38. சுமார் 105 கிலோ முன்னாலிருந்து பின்னால் போகிறது. நிற்கும்போது முன் டயர்கள்மேல் 600 கிலோ இருந்திருந்தால், பிடி மிகவும் தேவைப்படும் நொடியில் அது 495தான்.

இது தெரியாமல் நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். அமெரிக்க வீடியோக்களில் எல்லாரும் பேட்டரியைப் பின்னால் சாமான் வைக்கும் பூட்டுக்கு மாற்றுகிறார்களே என்று நானும் மாற்றினேன். தடித்த கேபிள் வாங்கி, தரைவிரிப்புக்கு அடியில் இழுத்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை. பூட்டில் ஏற்கெனவே பாட்டுப் பெட்டி வேறு, பெரிய ஸ்பீக்கரோடு. மேலே காட்டிய 2.61 சீட்டு அந்தக் கோலத்தில் ஓடியதுதான். அவர்கள் மாற்றியது பின் சக்கரம் தள்ளும் காடிகளில். நான் முன் டயரிலிருந்து எடையைப் பிடுங்கிப் பின்னால் கொண்டுபோய் வைத்து, அதற்குக் காசும் கொடுத்திருக்கிறேன். பேட்டரி மறுபடி முன்னால் வந்துவிட்டது. அந்தக் கேபிள் இன்னும் ஸ்டோர் ரூமில் பாம்பு மாதிரி சுருண்டு கிடக்கிறது.

ஸ்பிரிங்கை இறுக்கினால் அந்த 105 குறைந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். குறையாது. முடுக்கமும் உயரமும் அச்சு இடைவெளியும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. காடியைக் கொஞ்சம் தாழ்த்தினால் உயரம் குறையும், எண்ணும் குறையும். பின் ஸ்பிரிங் இறுக்கமாக இருந்தால் வால் குந்தாது, மூக்கு வெடுக்கென்று மேலே தூக்காது, முன் டயர் தரையில் தட்டையாகப் படிந்திருக்கும். பலன் அந்த வழியில் வருகிறது.

அடுத்து என்ஜின் மவுண்டிங். கிளட்ச்சை விட்டதும் காடி டக்டக்டக் என்று குதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பழைய ரப்பர் மவுண்டிங் வெடித்திருந்தால் என்ஜின் முன்னும் பின்னும் ஆடும், அந்த ஆட்டம் டிரைவ் ஷாஃப்ட் வழியாக டயருக்குப் போகும். அப்படிக் குதிக்கும்போது ஷாஃப்ட் முனையில் உள்ள ஜாயிண்ட் உடைந்து போவதும் உண்டு. ரப்பர் விளைந்த ஊரில் இருந்துகொண்டு, கெட்டுப்போன ரப்பரை மாற்றச் சோம்பல் படுகிறவர்களை என்ன சொல்வது!

டயர்தான் எல்லாவற்றிலும் மலிவான திருத்தம். முன் டயரில் காற்றை இரண்டிரண்டு பிஎஸ்ஐயாகக் குறைத்து ஓடிப் பாருங்கள். 32இல் தொடங்கி 24 வரை வந்தால் பெரும்பாலான ரோட்டு டயர்களில் வித்தியாசம் தெரிந்துவிடும். பின் டயரில் கொஞ்சம் கூடுதலாக வைக்கலாம், உருள்வது எளிதாகும். ஓடி முடித்ததும் வீட்டுக்குத் திரும்பும் முன் காற்றைப் பழைய அளவுக்கு ஏற்ற மறக்கக்கூடாது. குறைந்த காற்றோடு நெடுஞ்சாலையில் போனால் டயர் சூடேறி வெடிக்கும். புகை கிளப்பி டயரைச் சுழற்றுவது பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. சாதாரண ரோட்டு டயருக்கு மண்ணும் தண்ணீரும் போகிற அளவுக்கு இரண்டு நொடி போதும். வரிப்பள்ளம் இல்லாத வழவழப்பான ஸ்லிக் டயருக்குத்தான் உண்மையான சூடு வேண்டும்.

இறக்க வேண்டிய எடை

வேகக் கணக்குக்கு ஒரு பழைய சூத்திரம் உண்டு. காடியின் எடையைக் கிலோவில் எடுத்து, குதிரைத்திறனால் வகுத்து, கனமூலம் கண்டு, 7.58ஆல் பெருக்குங்கள். நன்றாகப் புறப்பட்டால் வரக்கூடிய ஓட்ட நேரம் கிடைக்கும். 1,040 கிலோ, 88 குதிரை என்றால் 17.27. அறுபது கிலோ இறக்கினால் 16.93. ஒரு ஸ்பானரும் ஒரு மத்தியானமும் மட்டும் செலவழித்து மூன்றில் ஒரு நொடி.

எங்கே இறக்குவது? ஸ்பேர் டயர், ஜேக், பின் இருக்கை, பூட்டு விரிப்பு, என்னுடைய அந்தப் பாட்டுப் பெட்டி. எல்லாம் பின்னால் இருப்பவை என்பதைக் கவனியுங்கள். முன் சக்கரக் காடிக்கு இது இரட்டை லாபம். பெட்ரோலும் பாரம்தான், லிட்டருக்கு முக்கால் கிலோ. டேங்கை நிரப்பிக்கொண்டு கோட்டுக்குப் போகாதீர்கள். ஆனால் கதவுக்குள் இருக்கும் இரும்பு, பம்பருக்குப் பின்னால் இருக்கும் இரும்பு, சீட் பெல்ட் ஆகியவற்றில் கை வைப்பவனுக்கு நான் ஸ்பானர் கடன் தருவதில்லை.

பிரேக் பற்றிச் சுருக்கமாக. 127இல் ஓடுவதைவிட 127இலிருந்து நிற்பது கடினம். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், ஈரம் ஏறிய எண்ணெய் சீக்கிரம் கொதிக்கும், கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். எப்போது மாற்றினோம் என்று நினைவில்லை என்றால் இன்றைக்கே மாற்றுங்கள்.

இப்போது என்ஜின்

பொறுமையாக இவ்வளவு தூரம் வந்தவர்களுக்கு என்ஜின். முதலில் இருப்பதன் உடம்பைப் பாருங்கள். சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் மீட்டர் ஒன்று போதும். என்ஜினைச் சூடாக்கி நிறுத்துங்கள். பெட்ரோலும் கரண்ட்டும் வராமல் செய்து, எல்லாப் பிளக்கையும் கழற்றுங்கள். ஒவ்வொரு பிளக் துளையிலும் மீட்டரை மாட்டி, எண்ணெய்ப் பெடலை முழுதும் மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்ற வையுங்கள். எல்லாச் சிலிண்டரின் அளவுகளும் பத்து விழுக்காட்டுக்கு மேல் ஒன்றுக்கொன்று விலகக்கூடாது. ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு தேக்கரண்டி என்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வைப் பாருங்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாத காடியை முழு வேகத்தில் ஓட்டவே ஓட்டாதீர்கள்.

என்ஜின் மாற்றுவது என்றால் நம் ஊரில் ஹாஃப்-கட் கடைதான், பாதியாக வெட்டிய பழைய காடிகளை விற்கும் கடை. சாகாவுக்கு வீரா 1.8இன் 4ஜி93 இரட்டை கேம் என்ஜின், கஞ்சிலுக்கு டைஹட்சு மீராவின் டர்போ என்ஜின் என்பதெல்லாம் பலரும் நடந்து தேய்ந்த பாதை. கஞ்சிலே மீராவின் வம்சம் என்பதால் ஜோடி பொருந்துகிறது. ஜப்பானில் அந்தச் சின்னக் காடி வகைக்கு 64 குதிரைதான் உச்சவரம்பு. ஆனால் கஞ்சிலின் எடைக்கு அதுவே ஆட்டம் காட்டும். அதே சூத்திரத்தில் 1,040 கிலோ இஸ்வாராவுக்கு 135 குதிரை போட்டுப் பாருங்கள், 14.97 வரும். மனம் அங்கேயே போய் நிற்பது எனக்கும் புரிகிறது.

ஆனால் ஒரு விஷயத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பழைய சாகா கார்ப்பரேட்டர் காடி. அதன் பெட்ரோல் குழாயில் அழுத்தம் கால் பார் அளவுதான். இன்ஜெக்‌ஷன் என்ஜினுக்கு மூன்று பார் வேண்டும், பத்து மடங்குக்கு மேல். பழைய குழாயிலேயே புது பம்ப்பை மாட்டினால் கிளிப் இடத்தில் பெட்ரோல் பீச்சும், அதுவும் சூடான எக்ஸாஸ்ட்டுக்கு மேலே. இன்ஜெக்‌ஷனுக்கு உரிய குழாய், உரிய கிளிப், டேங்குக்குத் திரும்பும் தனிக் குழாய். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

காடி ரோட்டிலும் ஓட வேண்டுமென்றால் காகித வேலையும் உண்டு. ஜேபிஜே என்ற சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி, புஸ்பாகோம் போன்ற நிலையத்தில் வாகனச் சோதனை, கிராண்ட் என்ற வாகனப் பதிவில் புது என்ஜின் எண். இதைச் செய்யாமல் விட்டால் விபத்து நடக்கும் நாளில் இன்சூரன்ஸ் கையை விரிக்கும்.

டர்போ வைக்கிறவர்களுக்கு ஒரே எச்சரிக்கை. பெட்ரோல் முழுதாக எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். முழு பலம் கேட்கும்போது டர்போ என்ஜினில் அதை 11.5, 12 என்று பெட்ரோல் கூடுதலாகத்தான் ஓட விடுவார்கள், உள்ளே சூடு தணிய. காற்று கூடி பெட்ரோல் குறைந்தால் என்ஜின் தட்டும், பிஸ்டன் உருகும். அளவு காட்டும் வைட்பேண்ட் மீட்டர் இல்லாமல், டர்போ காற்றைத் தள்ளும் அழுத்தமான பூஸ்ட்டைக் கூட்டித் திருகாதீர்கள். ரோன்95 ஊற்றிக்கொண்டு திருகவே திருகாதீர்கள்.

நம் வெயிலுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. காற்று சூடேறினால் அடர்த்தி குறையும், சிலிண்டருக்குள் போகும் காற்றும் குறையும். 32 டிகிரியில் காற்று, 15 டிகிரிக் காற்றைவிட ஐந்து விழுக்காட்டுக்கும் மேல் மெல்லியது, நம் ஈரப்பதம் இன்னும் கொஞ்சம் பிடுங்கும். குளிர் நாட்டுக்காரன் வீடியோவில் காட்டும் எண் நமக்கு வரவில்லையே என்று வருந்த வேண்டாம். இரவு ஓட்டத்தில் எல்லாருக்கும் நேரம் குறைவதற்கும் இதுவே காரணம்.

போர்ச்சில் உயிரோடு இருப்பது

ஜேக் தூக்குவதற்கு மட்டும்தான். தூக்கிய பிறகு ஜேக் ஸ்டேண்ட் வைக்காமல் காடிக்கு அடியில் தலையை நுழைக்காதீர்கள். சிமெண்ட் கல்லும் ஆகாது, அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். மழை வருகிறதென்று சுற்றிலும் கேன்வஸ் இழுத்துவிட்டு உள்ளே என்ஜினை ஓட விடாதீர்கள். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, தலை சுற்றுவதற்குள் கால் மடங்கிவிடும். பெட்ரோல் குழாய் கழற்றும் நாளில் பேட்டரி வயரையும் கழற்றுங்கள். பூஜை விளக்கு வாசலில் எரிகிற நேரமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள், பெட்ரோல் ஆவி காற்றைவிட கனமானது, தரையோடு தவழ்ந்து நெருப்பைத் தேடிப் போகும். உலர் தூள் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

என்எச்ஆர்ஏ விதிகளில் கூரை உள்ள பழைய காடி கால் மைலை 13.99 அல்லது அதற்குக் குறைவான நேரத்தில் ஓடினால் ஹெல்மெட், 11.49 என்றால் ரோல் பார் (காடி உருண்டால் தலையைக் காக்கும் இரும்பு வளைவு), 9.99 என்றால் முழு ரோல் கேஜ் (இரும்புக் கூண்டு). நமக்கு 17 நொடிதானே என்று ஹெல்மெட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

செம்பனைக்குள் போகிற தோட்டத்து ரோடு நேராகத்தான் இருக்கிறது, இரவில் ஆளும் இல்லை. அங்கே ஓடினால் என்ன என்று கேட்பவனுக்கு முதல் பதில் சட்டம். அனுமதியில்லாமல் பொது ரோட்டில் பந்தயம் விடுவது நம் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். இரண்டாவது பதில் அந்த ரோடே. குலை ஏற்றிய லோரி போன பிறகு ரோட்டில் பழம் உதிர்ந்து கிடக்கும், நசுங்கிய பழத்தின் எண்ணெய் டயருக்கு வாழைப்பழத்தோல். பாலத்தடியில் மாடு படுத்திருக்கும். இதையெல்லாம் கடந்து உயிரோடு வந்தாலும் கையில் சீட்டு இருக்காது. அறுபது அடி எத்தனை என்று அந்த ரோடு சொல்லாது, “நான்தான் முன்னால” என்று கூட்டாளி சொல்வது மட்டும் மிஞ்சும்.

செப்பாங் பந்தயக் களத்தில் ஓட்ட நாள் வந்தால் இங்கிருந்து நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். முதல் நாள் இரவே சக்கர நட்டுகளை, இறுக்கும் அளவு காட்டும் டார்க் ஸ்பானரால் இறுக்கிவிடுங்கள், அங்கே போய் இன்னொரு முறை. ஆயில், தண்ணீர், பேட்டரி ஆடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். காடிக்குள் தளர்வாக உருளும் போத்தல், செருப்பு எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். பிரேக் பெடலுக்கு அடியில் உருண்டு போகிற போத்தலைப் பற்றி விளக்க வேண்டியதில்லை.

ஓடும்போது ஓர் ஓட்டத்துக்கு ஒரு மாற்றம்தான். காற்றையும் கிளட்ச் விடுகிற வேகத்தையும் ஒரே நேரத்தில் மாற்றினால், நேரம் குறைந்தது எதனால் என்று கடைசி வரை தெரியாது. ஒவ்வொரு சீட்டின் பின்னாலும் அப்போதே எழுதுங்கள்: டயர் காற்று, என்ஜின் சுற்று, மணி, வெயிலா மழைக்குப் பிறகா.

என்னிடம் இருக்கும் கடைசிச் சீட்டின் பின்னால் பேனாவில் இப்படி இருக்கிறது: “முன் 24, பின் 36. கிளட்ச் 3,200. இரவு 9.40. பாட்டுப் பெட்டி வீட்டில்.” முன்பக்கம் அறுபது அடி 2.38, கால் மைல் 16.98, வேகம் 129. பெருக்கினால் 2,190. உள்ளே இருப்பது அதே பழைய 1.5 என்ஜின், இன்னும் திறக்கவில்லை.